வைரத்தின் தடம் பிடித்தவர்கள்

கனிமம் என்றதும் நம் கண்முன் வருவது பெரிய பள்ளம், லாரி வரிசை, தூசி. அது சுரங்கத் தொழில். அந்தப் பள்ளம் தோண்டப்படுவதற்குப் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அந்த இடம் வெறும் புல்வெளியாகவோ ஏரியாகவோ இருந்த காலத்தில், யாரோ ஒருவர் அங்கே வந்து கொஞ்சம் மணலை அள்ளிப் பையில் கட்டிக்கொண்டு போயிருப்பார். கனிமத் தேடல்காரர் என்று சொன்னால் அவரைத்தான் சொல்கிறோம். அவர் கடைசிவரை ஒரு டன் கனிமம்கூட விற்காமல் இருக்கலாம். ‘இந்த இடத்தில், இந்த ஆழத்தில், இவ்வளவு இருக்கக்கூடும்’ என்ற தகவல்தான் அவருடைய சரக்கு. அப்படியிருக்க, அந்தத் தொழிலில் சம்பாதித்த சிலர் ஏன் பல்கலைக்கழகங்களுக்குக் கோடிகளைக் கொடுக்கிறார்கள், சுற்றியிருக்கும் மக்களுக்கு அவர்கள் எந்த அளவு கடன்பட்டவர்கள் என்பதை ஒரு உண்மைக் கதையை வைத்துப் பார்க்கலாம். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், கதை கொஞ்சம் நீளம்.

கனடாவில் சக் ஃபிப்கி என்று ஒருவர். 1946-ல் எட்மன்டன் நகரில் பிறந்தவர். வான்கூவரில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்து 1970-ல் வெளியே வந்தார். பாப்புவா நியூ கினி, ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா, பிரேசில் என்று கம்பெனிகளுக்காகச் சுற்றிவிட்டு, 1977-ல் கெலோனா என்ற ஊரில் மணல் மாதிரிகளைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். அவருடன் சேர்ந்தவர் ஸ்டூவர்ட் பிளசன். அவரும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்று, கனடா அரசின் நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். ஹெலிகாப்டரும் ஓட்டுவார். கனடாவின் முதல் வைரச் சுரங்கம் இந்த இரண்டு பேர் தேடியதில் பிறந்தது.

எப்படித் தேடினார்கள் என்பதுதான் இந்தக் கதையின் சாரம். அதை அவசரமில்லாமல் சொல்கிறேன்.

வைரம் உருவாவது பூமிக்கு அடியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே. மிகப் பழைய, தடித்த கண்டப் பாறைகளுக்கு அடியில்தான் அதற்கு வேண்டிய அழுத்தமும், ஒப்பீட்டளவில் குறைந்த வெப்பமும் சேர்ந்து அமைகின்றன. வடமேற்குக் கனடாவில் அப்படிப்பட்ட நிலம் இருக்கிறது. உலகில் இதுவரை வயது கணிக்கப்பட்ட பாறைகளில் மிகப் பழையவற்றில் ஒன்றான அகாஸ்டா பாறை, சுமார் 400 கோடி ஆண்டு வயதுடன், அந்தப் பகுதியில்தான் கிடக்கிறது. ஆழத்தில் இருக்கும் வைரத்தை மேலே கொண்டுவருவது கிம்பர்லைட் என்னும் எரிமலைக் குழம்பு. அது மெதுவாக ஏறினால் வழியிலேயே வைரம் கெட்டுப்போகும். வேகமாகப் பாய்ந்து ஏறி, மேற்பரப்பில் கேரட் வடிவத்தில் ஒரு குழாயை விட்டுவிட்டு அடங்கிவிடும். எரிமலை என்றாலும் மலை எதுவும் மிஞ்சுவதில்லை. லாக் டி க்ரா என்ற ஏரியைச் சுற்றியிருக்கும் குழாய்கள் பெரும்பாலும் ஐந்து, ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்தவை. அவை ஏந்திவந்த வைரங்களோ நூறு கோடிக் கணக்கில் வயதானவை.

ஒரு குழாயின் வாய் சில நூறு மீட்டர் அகலம்தான் இருக்கும். கனடாவின் வடக்கோ மரம்கூட இல்லாமல் அடிவானம்வரை விரிந்த வெளி. போதாததற்கு, கிம்பர்லைட் மென்மையான பாறை. பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளங்கள் அதன்மேல் நகர்ந்தபோது மற்ற பாறைகளைவிட அதைத்தான் அதிகமாகச் சுரண்டின. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகியதும் அந்தக் குழிகளில் தண்ணீர் நின்று சிறு ஏரிகளாகிவிட்டன. ஆக, பல்லாயிரம் ஏரிகளுக்கு நடுவே, எந்த ஏரிக்கு அடியில் எரிமலை இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே உதவிக்கு வருபவை வைரத்தின் கூட்டாளிகள். கிம்பர்லைட் ஏறி வரும்போது வைரத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. ஊதாச் சிவப்பில் பைரோப் என்னும் கார்னெட், மரகதப் பச்சையில் குரோம் டையாப்சைடு, கறுப்பில் இல்மனைட், குரோமைட் என்று வேறு சில கனிமங்களையும் அள்ளி வருகிறது. கார்னெட் நமக்குப் புதிதில்லை. நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகம் அந்தக் குடும்பம்தான், தென் தமிழகத்துக் கடற்கரை மணலிலும் கார்னெட் கலந்திருக்கிறது. வைரம் ஒரு டன் பாறையில் ஒரு காரட், அதாவது 0.2 கிராம் இருந்தாலே பெரிய விஷயம். கூட்டாளிக் கனிமங்களோ அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். அதனால் வைரத்தை விட்டுவிட்டு அவற்றைத் தேடுவார்கள்.

பனிப்பாளம் நகர்ந்தபோது இந்தத் துகள்களைக் கூடவே இழுத்துக்கொண்டு போய் வழியெல்லாம் சிந்தியிருக்கிறது. கிழிந்த சாக்கோடு களத்திலிருந்து கிளம்பிய நெல் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி போன தடத்தில் சிந்திக் கிடக்கும் நெல்லைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்தால் களத்துக்கு வந்து சேரலாம். அருகில் வரவர நெல் கூடிக்கொண்டே போகும். களத்தைத் தாண்டி இன்னும் பின்னால் நடந்தால் ஒரு மணிகூட இருக்காது. அப்படி எங்கே தடம் சட்டென்று அறுந்துபோகிறதோ, அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் குழாய் இருக்கிறது.

1980-களின் தொடக்கத்தில் மக்கன்சி மலைகளுக்குக் கிழக்கே பிளாக்வாட்டர் ஏரிப் பகுதியில் டி பியர்ஸ் என்ற பெரிய வைர நிறுவனம் மாதிரி எடுத்துக்கொண்டிருப்பது ஃபிப்கிக்குத் தெரியவந்தது. அங்கே கூட்டாளித் துகள்கள் கிடைத்தன, குழாய் கிடைக்கவில்லை. பனி எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை அரசுத் துறையில் இருந்தபோதே படித்தவர் பிளசன். துகள்கள் மிகத் தொலைவில் கிழக்கிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். அப்போது அவர்களுக்குப் பணம் கொடுத்துவந்த சுப்பீரியர் ஆயில் நிறுவனம் விலகிக்கொண்டது. அவர்கள் விலகவில்லை. ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் கிழக்கே நகர்ந்து, பனிக்கு அடியில் ஓடிய பழைய ஆறுகள் விட்டுச்சென்ற மணல் மேடுகளில் பை பையாக மணல் எடுத்தார்கள். அள்ளிய மணல் கெலோனாவுக்கு வரும். சலித்து, அடர்த்தியான திரவத்தில் போட்டால் சாதாரண மணல் மிதக்கும், கார்னெட் மூழ்கும். பிறகு காந்தம், பிறகு நுண்ணோக்கி, பிறகு ஒவ்வொரு துகளாகப் பொறுக்கி எடுப்பது. கண்ணும் முதுகும் நோகும் வேலை அது. 1985-ல் லாக் டி க்ரா பக்கத்திலிருந்து வந்த மாதிரியில் கூட்டாளித் துகள்கள் குவிந்திருந்தன. தொடங்கிய இடத்திலிருந்து அது ஏறத்தாழ 600 கிலோமீட்டர்.

பணத்துக்காக ஃபிப்கி டயா மெட் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கிப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோயிருந்தார். 1990-ல் பெரிய சுரங்க நிறுவனமான பிஎச்பி கூட்டுச் சேர்ந்தது. 1991-ல் பாயின்ட் லேக் என்ற சிற்றேரிக்கு அடியில் துளையிட்டார்கள். வெளியே வந்த 59 கிலோ கிம்பர்லைட்டில் 81 சிறு வைரங்கள் இருந்தன. ஒன்றுகூட இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. நவம்பரில் இதை அறிவித்த பிறகு நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அந்தப் பனிவெளியில் எல்லைக் குச்சி நட ஓடிவந்தன. எகாட்டி என்ற அந்த முதல் சுரங்கம் 1998 அக்டோபரில் திறந்தது. முதலில் வெட்டப்பட்டது பாயின்ட் லேக் அல்ல, அருகிலிருந்த பாண்டா என்ற குழாய். ஃபிப்கிக்கும் பிளசனுக்கும் சுரங்கத்தில் ஆளுக்குப் பத்து சதவீதம் பங்கு. சில ஆண்டுகளுக்குள் வைர மதிப்பில் கனடா உலகின் முதல் சில நாடுகளுக்குள் வந்துவிட்டது.

கேட்கும்போது இரண்டு பேரின் பிடிவாதம் ஜெயித்த கதையாகத் தெரியும். பிடிவாதம் நிஜம்தான். ஆனால் ஒரு சிவப்புத் துகளை வைத்துக்கொண்டு ‘இதன் பின்னால் வைரம் இருக்கிறது, அதன் பின்னால் இல்லை’ என்று சொல்ல அவர்களால் எப்படி முடிந்தது என்று கேட்டுப் பாருங்கள். கார்னெட் கிடைத்தால் மட்டும் போதாது. கிம்பர்லைட் குழாய்களில் மிகப் பெரும்பாலானவற்றில் வெட்டியெடுக்கும் அளவுக்கு வைரம் இருப்பதில்லை. கால்சியம் குறைவாகவும் குரோமியம் அதிகமாகவும் உள்ள பைரோப்தான் பெரும்பாலும் வைரம் உருவாகும் அதே ஆழத்திலிருந்து வருகிறது. இதைச் சைபீரியாவில் நிகொலாய் சோபொலெவும், தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஜான் கர்னியும் ஆயிரக்கணக்கான துகள்களை மின்னணுக் கற்றைக் கருவியில் அளந்து நிறுவினார்கள். பைரோப்பைத் தடம் பிடிக்கும் வழியை அதற்கு முன்பே லெனின்கிராடில் நடாலியா சர்சாட்ஸ்கிக் வகுத்தார். அந்த வழியில் காட்டாறு காட்டாறாக நடந்து, 1954 ஆகஸ்டில் யாகூதியாவில் சோவியத் நாட்டின் முதல் கிம்பர்லைட் குழாயைக் கண்டுபிடித்தவர் லரீஸா போபுகாயெவா. பனி நகர்ந்த திசை பற்றிய அறிவு, கனடா அரசு வரிப்பணத்தில் பல பத்தாண்டுகளாக நடத்திய நில அளவையிலிருந்து வந்தது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இதுதான். எகாட்டியின் வைரத்தைக் கண்டுபிடித்த அறிவில் மிகப் பெரும்பகுதி பொதுச் சொத்து. அது பல்கலைக்கழகங்களிலும் அரசு ஆய்வுத் துறைகளிலும், வைரத்தால் ஒரு காசும் பெறாதவர்களின் கையில் உருவானது. தேடல்காரர் அதன்மேல் தன் உழைப்பையும் துணிச்சலையும் சேர்த்துத் தனிச் சொத்தாக்குகிறார். அதில் தவறில்லை. ஆனால் அவர் பிறகு கல்விக்குக் கொடுப்பதை அருள் என்று நான் நினைக்கவில்லை. எடுத்த இடத்தில் திருப்பி வைப்பது அது.

பிளசன் அதை உணர்ந்தவராகத் தெரிகிறார். சுரங்கம் திறந்த அதே 1998-ல் அவரும் அவர் மனைவி மெரிலினும் அவர் படித்த பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஐந்து கோடி கனடிய டாலர் கொடுத்தார்கள். கனடாவின் பொது நிறுவனம் ஒன்றுக்குத் தனிநபர் அதுவரை கொடுத்ததில் மிகப் பெரிய நன்கொடை. சுரங்கத் துறைக்கு என்று கட்டுப்படுத்தாமல் அடிப்படை ஆராய்ச்சிக்கு என்று கொடுத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். கார்னெட்டின் கால்சியத்தை அளந்துகொண்டிருந்தவர்களிடம் ‘இதனால் நாளைக்கு என்ன லாபம்’ என்று அன்றைக்கே கேட்டிருந்தால் எகாட்டி கிடைத்திருக்காது. பயன் தெரியாத ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க அதன் பயனை அனுபவித்தவரைவிடத் தகுதியானவர் யார்? சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் கட்டடமும், வான்கூவரில் தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கான சிகிச்சை, ஆய்வு மையமும் இன்று பிளசன் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஃபிப்கி கொடுத்தது வேறு மாதிரி. தன் ஆய்வகம் இருக்கும் கெலோனாவிலேயே, அதே பல்கலைக்கழகத்தின் ஒகனாகன் வளாகத்தில், ஆராய்ச்சி மையம் ஒன்று அவர் பெயரில் எழுந்தது. பாறைத் துகளில் மிகச் சிறு அளவில் கலந்திருக்கும் தனிமங்களை அளக்கும் ஆய்வுக்கூடமும் அங்கே உண்டு. அவர் வாழ்க்கையை மாற்றிய அதே வேலையை இன்று மாணவர்கள் அங்கே கற்கிறார்கள். அல்சைமர் நோய் ஆய்வுக்கும் அவர் கொடுத்திருக்கிறார்.

கொடுத்ததெல்லாம் நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்குவாமிஷ் என்ற மலையூரில் தொடங்கிய குவெஸ்ட் என்ற தனியார் பல்கலைக்கழகத்துக்கும் பிளசன் பெரும் ஆதரவு கொடுத்தார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாடம், சிறு வகுப்பு என்ற அழகான திட்டம். கடன் சுமையில் அது தடுமாறி 2023-ல் வகுப்புகளை நிறுத்தியது. வளாகத்தை அரசு உதவியோடு கபிலானோ என்ற பொதுப் பல்கலைக்கழகம் வாங்கியது. தனி ஒருவரின் தாராளம் ஒரு நிறுவனத்தைத் தொடங்கிவைக்கும். ஆண்டாண்டாகத் தாங்கிப் பிடிக்க வேறு தூண்கள் வேண்டும்.

இதே தொழிலின் இருண்ட பக்கத்தையும் ஒரு வார்த்தை. எகாட்டி திறப்பதற்கு முந்தைய ஆண்டில்தான் பிரி-எக்ஸ் என்ற இன்னொரு கனடியத் தேடல் நிறுவனம் சரிந்தது. போர்னியோ காட்டில் தங்கம் இருப்பதாகச் சொல்லி, மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத் துகளைக் கலந்திருந்தார்கள். பல நூறு கோடி டாலர் மதிப்பு காற்றில் போனது, ஓய்வூதிய நிதிகள்கூட அடிவாங்கின. அதற்குப் பிறகு 2001-ல் கனடா, தகுதியுள்ள நிலவியலாளர் ஒருவர் பொறுப்பேற்காமல் கனிம அளவை வெளியிடக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. சரக்கு தகவல் என்றேன் அல்லவா? அந்தத் தகவலுக்கு அதைச் சொல்பவரின் நேர்மையைத் தவிர வேறு அடமானம் கிடையாது.

இப்போது மக்கள் விஷயம். இதில் எனக்கு மனம் முழுவதும் ஒப்பவில்லை.

லாக் டி க்ரா யாருமில்லாத வெளியாக வரைபடத்தில் தெரியும். அது த்லிச்சோ, யெல்லோநைஃப் டெனே உள்ளிட்ட பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகக் கரிபு மான் வேட்டையாடிவந்த நிலம். எகாட்டி என்ற பெயரே அவர்கள் மொழிப் பெயர். அன்றைய சட்டப்படி உரிமம் வைத்திருக்கும் யாரும் அரசு நிலத்தில் குச்சி நட்டு உரிமை கோரலாம். அங்கே வாழ்பவர்களைக் கேட்க வேண்டியதில்லை. 1991-க்குப் பிறகு அப்படித்தான் அந்த வெளி முழுவதும் கோடு போடப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் இந்தக் கேட்காமைக்கு அது ஈடாகாது.

நிலைமை மாறியது, மாற்றியவர்கள் அந்த மக்கள். 1996-ல் அரசின் சுற்றுச்சூழல் ஆய்வுக் குழு முன் மூத்தோர்கள் வந்து பேசினார்கள். பழங்குடிகளோடு ஒப்பந்தப் பேச்சில் போதிய முன்னேற்றம் இருந்தால்தான் இறுதி அனுமதி என்று அரசு சொன்னது. அதன்பின் த்லிச்சோ, டெனே, மேட்டிஸ், வடகடலோர இனுயிட் மக்களோடு வேலை, பயிற்சி, உள்ளூர் ஒப்பந்தத் தொழில், பணப் பங்கு ஆகியவை பற்றிய ஒப்பந்தங்களில் பிஎச்பி நிறுவனம் கையெழுத்திட்டது. அந்த ஒப்பந்தங்களின் விவரங்கள் பெரும்பாலும் ரகசியமாக வைக்கப்பட்டதால் ஒரு சமூகம் தனக்குக் கிடைத்ததை இன்னொரு சமூகத்தோடு ஒப்பிட்டுப் பேரம் பேச முடியாமல் போனது. ரகசியம் யாருக்குச் சாதகம் என்று விளக்க வேண்டியதில்லை.

நல்லதும் நடந்தது. பள்ளியை முடிக்காத உள்ளூர்த் தொழிலாளர்களுக்குச் சுரங்க முகாமிலேயே எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்ற முறையில் விமானத்தில் வந்துபோன இளைஞர்கள் கனரக வாகனம், பற்றவைப்பு, மின்சாரம் என்று கைத்தொழில் கற்றார்கள். த்லிச்சோ மக்கள் 2005-ல் சுமார் 39,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமையோடு தங்கள் சொந்த அரசை அமைத்தார்கள். நிலத்துக்காக அவர்கள் பேசிவந்த நெடுங்காலப் பேச்சின் பலன் அது. அந்த அரசின் கையில் சுரங்க வருமானத்தில் ஒரு பங்கு சேர்ந்து, பிள்ளைகளின் மேற்படிப்பு உதவித்தொகையாகவும் மாறியது. ஒரு நிறுவனம் பள்ளிக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஊராரே தங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு என்று தீர்மானிக்கும் பணம் எவ்வளவோ உயர்ந்தது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தில் பாத்தர்ஸ்ட் கரிபு மந்தை இருக்கிறது. 1980-களின் நடுவில் நான்கு லட்சத்துக்கும் மேல் இருந்த மான்கள் 2018 கணக்கெடுப்பில் பத்தாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. வெப்பம் கூடியது, காட்டுத்தீ, ஓநாய், வேட்டை, சுரங்கச் சாலைகள் எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் அலசுகிறார்கள். ஒன்றின்மேல் மட்டும் பழி போட முடியாது. அந்த மக்களுக்கோ பேரப்பிள்ளைகளுக்கு வேட்டையைச் சொல்லிக்கொடுக்க மான் இல்லை.

சுரங்கமும் முதுமையடைந்துவிட்டது. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் வந்தபிறகு விலை இறங்கி, எகாட்டி பல கை மாறிவிட்டது. குழாய்களை வெட்டுவதற்காகத் தண்ணீர் இறைக்கப்பட்ட ஏரிகளின் இடத்தில் ஆழ்பள்ளங்கள் நிற்கின்றன. அவற்றை மறுபடி தண்ணீரால் நிரப்புவது மூடும் திட்டத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் மீனுக்கு ஆகுமா, மனிதர் குடிக்கலாமா என்று கண்காணிக்க 1997-லேயே ஒரு சுயேச்சை அமைப்பு உருவாக்கப்பட்டது. அதன் உறுப்பினர்களில் பழங்குடிகள் நியமித்தவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அறிக்கையைப் பொதுவில் வைக்கிறார்கள். அந்த அறிக்கையைப் படித்துப் புரிந்துகொண்டு நிறுவனத்தைக் கேள்வி கேட்க நீர் வேதியியலும் நிலவியலும் தெரிந்த த்லிச்சோ, டெனே பிள்ளைகள் இன்னும் நிறைய வேண்டும். அடுத்த பெரிய நன்கொடை யாராவது எழுதுவதாக இருந்தால் அவர்களுடைய படிப்புக்கு எழுதட்டும்.